கத்தரிச் செடியில் ஏறிய மஞ்சள்

ஐப்பசி அடைமழை நான்கு நாள் விடாமல் பெய்து, ஐந்தாம் நாள் காலையில்தான் வானம் கொஞ்சம் வெளுத்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினெட்டு க்ரோ பேக் வைத்திருக்கிறோம். செடியெல்லாம் சாய்ந்துவிட்டதா என்று பார்க்க முதலில் மேலே போனது அத்தைதான். போன வேகத்தில் படியில் நின்றே கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரும்மா. பூனை ஏதோ வாந்தி எடுத்து வெச்சிருக்கு."

கத்தரிச் செடி வைத்திருந்த பையில், மூடாக்காகப் போட்டிருந்த சருகின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஏதோ கிடந்தது. பச்சை மஞ்சளை அம்மியில் வைத்து அரைத்து வழித்துப் போட்டால் இருக்குமே, அந்த நிறம். குனிந்து பார்த்தேன். வாந்தி இல்லை. ஒரு பக்கம் விசிறி மாதிரி விரிந்து, ஓரம் ஈரமாக மினுங்கியது. அதன் பின்னால் நரம்பு நரம்பாக வலை பின்னியிருந்தது. பெரிய நரம்பிலிருந்து சின்ன நரம்பு, அதிலிருந்து இன்னும் சின்னது. முருங்கை இலையை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நரம்பைவிட நுட்பமாக இருந்தது. நாற்றம் ஏதும் இல்லை, மழை நனைத்த மண் வாசனைதான்.

"தூக்கிப் போட்டுரு. செடிக்கு வந்துரப் போகுது" என்றார் அத்தை.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் அத்தை" என்றேன். அப்போது எனக்கு அது என்னவென்று தெரியாது. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணி காயப்போட மேலே வந்தபோது அது இடம் மாறியிருந்தது. விசிறியின் ஓரம் இரண்டு விரற்கடை முன்னால் வந்திருந்தது. பின்னால், அது விட்டுவந்த இடத்தில், நத்தை போன தடம் மாதிரி ஒரு மெல்லிய பிசின். மதியம் கத்தரித் தண்டின் அடிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. கால் இல்லை, தலை இல்லை, முன்பின் என்று எதுவும் இல்லை, ஆனாலும் ஏறியது. ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். தண்டின் பாதி உயரத்தில் எல்லாம் ஒன்றுதிரண்டு, ஒரு சின்னத் தலையணை மாதிரி உப்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நரம்பும் இல்லை, விசிறியும் இல்லை. வெளிறிய மஞ்சளில், ரவா தோசை மாதிரி துளை துளையாக ஒரு கட்டி தண்டைச் சுற்றி ஒட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் தோடு காய்ந்து சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆனது. ஈர்க்குச்சியால் தொட்டேன். தோடு பொரிந்து, உள்ளே இருந்து கரும்பழுப்புப் பொடி புகையாகக் கிளம்பியது.

அதன் பெயர் ஃபுலிகோ செப்டிகா. ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் இதற்கு 'நாய் வாந்தி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். அத்தையிடம் சொன்னபோது, "பின்ன, பார்த்தா அப்படித்தானே இருக்கு" என்றார்.

தமிழில் இந்த வகை உயிர்களைச் சளிப்பூஞ்சை என்று எழுதுகிறார்கள். நானும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இது பூஞ்சை இல்லை. பூஞ்சைக்கு வாய் கிடையாது. அது தன் செரிமான நீரை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். ரொட்டியில் பூக்கும் பூசணமும் நாம் சமைக்கிற காளானும் அப்படித்தான் சாப்பிடுகின்றன. இந்த மஞ்சள் ஆசாமி, தான் சாப்பிடும் பாக்டீரியாவைச் சுற்றி வளைத்து முழுசாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஹைன்ரிக் அன்டோன் டி பாரி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இவற்றின் பொடியை முளைக்கவைத்துப் பார்த்தார். பூஞ்சையில் வருவது போல இழை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், நகர்ந்து போகும் அமீபா வந்தது. 1859-இல் அவர் இவற்றுக்கு 'பூஞ்சை விலங்குகள்' என்று பொருள்படும் ஒரு பெயரைச் சூட்டினார். இன்று மரபணுவை வைத்துப் பார்க்கிறவர்களும் இவற்றை அமீபாக்களின் கூட்டத்தில்தான் சேர்க்கிறார்கள். உருண்டையும் குச்சியுமாகப் பூஞ்சை மாதிரி விதைப்பை வைக்கிற ஒரே காரணத்தால் நூறு வருடங்களுக்கு மேல் பூஞ்சைப் புத்தகங்களிலேயே இவை குடியிருந்தன.

எங்கள் மாடியில் நான் பார்த்தது அதன் வாழ்க்கையின் கடைசி மூன்று நாள் மட்டுமே. அதற்கு முன்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் விதை மாதிரி ஒரு ஸ்போர். காற்றில் வந்து விழும் ஒரு ஸ்போர் ஈரம் பட்டதும் வெடிக்கிறது. உள்ளேயிருந்து ஓர் அமீபா ஊர்ந்து வருகிறது. சுற்றிலும் தண்ணீர் அதிகமாக இருந்தால் அதே அமீபா வால் முளைத்து நீந்தும். தண்ணீர் வற்றினால் வாலை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி ஊரும். பாக்டீரியாவைத் தின்று இரண்டாகும், நாலாகும். பொருத்தமான இரண்டு சந்தித்தால் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அந்த ஒற்றைச் செல்லின் உட்கரு இரண்டாகப் பிரிகிறது, ஆனால் செல் பிரிவதில்லை. உட்கரு நாலு, எட்டு, ஆயிரம், லட்சம் என்று பெருகிக்கொண்டே போக, வெளிச்சவ்வு ஒன்றேதான். உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்த அந்த மஞ்சள் முழுவதும் ஒரே செல். பத்தாம் வகுப்பில் நுண்ணோக்கியில் கண்ணை இடுக்கிக்கொண்டு வெங்காயத் தோலில் செல்லைத் தேடினோமே, அந்தச் செல்லில் ஒன்று இங்கே வெறும் கண்ணுக்குத் தெரிகிறது, கத்தரிச் செடியில் ஏறுகிறது. இந்த நிலைக்குப் பிளாஸ்மோடியம் என்று பெயர். மலேரியாக் கிருமிக்கும் இதே பெயர்தான் என்பதால் குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் உறவில்லை.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். செடிக்கு ஆகுமா, ஆகாதா?

ஆகாதது எதுவும் இல்லை. அது கத்தரித் தண்டில் ஏறியது உயரத்துக்காக. உயரமான, காய்ந்த இடத்தில் வெடித்தால்தான் பொடி காற்றில் போகும். தண்டை அது ஒரு ஏணியாகத்தான் பயன்படுத்தியது, சாறு எதையும் உறிஞ்சவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பூஞ்சைக்கொல்லி அடிக்கச் சொன்னார், டப்பாவையும் கொடுத்தனுப்பினார். அன்பாகத்தான் கொடுத்தார். ஆனால் பூஞ்சையே இல்லாத ஒன்றுக்கு எதற்குப் பூஞ்சைக்கொல்லி? அடித்தால் அந்தப் பையில் மக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் நல்ல பூஞ்சைகள்தான் போகும். புல்தரையில் சாம்பல் தூவிய மாதிரி வருகிற பைசாரம் சினேரியம் என்ற சளிப்பூஞ்சையும் இப்படித்தான். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும். தூசு ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் அந்தப் பொடியை முகத்தருகே கிளப்பாமல் இருந்தால் போதும்.

ஆகாதது இல்லை என்பதோடு நிற்பதும் போதாது, ஆகிற காரியம் நிறைய இருக்கிறது. நம் ஊரில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஆடு அங்கேயே மேய்ந்து, அங்கேயே படுத்து, அங்கேயே புழுக்கை போடும். மேய்ச்சலில் இருந்த சத்து மண்ணுக்கு வந்து சேரும். மண்ணுக்குள்ளும் இதே கதை நடக்கிறது. சருகு மக்கும்போது அதிலுள்ள நைட்ரஜனைப் பாக்டீரியா எடுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. அது அங்கேயே இருந்தால் வேருக்கு எட்டாது. அந்தப் பாக்டீரியாவை மேய்வதற்கு ஒரு ஆடு வேண்டும். மேய்ந்து, தனக்கு மிஞ்சியதை அம்மோனியமாக வெளியே விடும்போதுதான் செடிக்குப் பங்கு கிடைக்கிறது. மண்ணில் கிடை போடும் ஆடுகளில் சளிப்பூஞ்சைகளின் அமீபாக்கள் முக்கியமானவை. சில வயல்களின் மண்ணை எடுத்து எண்ணியபோது அதிலிருந்த அமீபாக்களில் பாதிக்கு மேல் இவைதான் என்று கண்டிருக்கிறார்கள். மஞ்சள் விசிறியாக வெளியே வருவது என்றோ ஒரு நாள். மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள் மேய்ச்சல்.

இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வருகிறது. எங்கள் தெருவில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். உதிர்கிற இலையைப் பெருக்கிக் குவித்து, மூட்டை கட்டி, வண்டியில் ஏற்றிவிடுகிறோம். வண்டி வராத நாளில் யாராவது ஓரமாகக் கொளுத்திவிடுகிறார்கள். அப்புறம் அதே ஆட்கள் நர்சரிக்குப் போய்ப் பை பையாக மண்புழு உரம் வாங்கி வருகிறோம். பெருக்கும் அம்மாமேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரைப் பெருக்கச் சொல்கிறவர்கள் நாம்தான். மரத்தடியில் ஒரு முழம் வட்டத்துக்காவது சருகை விட்டுவைத்தால் என்ன? "பாம்பு வரும்" என்பார்கள். இருபது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், பாம்பு வந்ததெல்லாம் மழைநீர் வடிகால் வழியாகத்தான்.

சென்னையில் எங்கே போய் இவற்றைப் பார்ப்பது என்று கேட்டால், தூரம் போக வேண்டாம் என்பேன். கிண்டி தேசியப் பூங்காவின் உலர் பசுமைமாறாக் காடு, அடையாறு பிரம்ம ஞான சபைத் தோட்டம், நன்மங்கலம் காப்புக்காடு, எங்கே விழுந்த மரம் விழுந்த இடத்தில் கிடக்கிறதோ அங்கெல்லாம் இருக்கும். எப்போதும் சொதசொதவென்று ஊறிக்கிடக்கிற இடத்தைவிட, நனைந்து பிறகு காய்கிற இடம் இவற்றுக்கு வசதி. காய்ந்தால்தான் பொடி பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஊறவைத்து மார்கழியில் காயவிடும் நம் பருவமழை அவற்றுக்கென்றே வந்த மாதிரி இருக்கிறது. உலகத்தில் சுமார் 1000 இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. 1950-களில் வி. அக்னிஹோத்ருடு தென்னிந்தியாவின் சளிப்பூஞ்சைகளைப் பற்றித் தொடராகக் கட்டுரைகள் எழுதினார். இந்தியா முழுவதற்குமாக கே. எஸ். திண்ட் 1977-இல் ஒரு நூல் கொண்டுவந்தார்.

கார்த்திகையில் வெண்டை வைத்திருந்த பையில் மறுபடி மஞ்சள் தலைகாட்டியது. இந்த முறை விடவில்லை. நகத்தளவு எடுத்து, பழைய டிபன் பாக்ஸில் நனைத்த டிஷ்யூ பேப்பர் விரித்து, நான்கு ஓட்ஸ் போட்டு மூடி, சமையலறை அலமாரியில் இருட்டில் வைத்தேன். மறுநாள் காலை திறந்தபோது நான்கு ஓட்ஸிலும் மஞ்சள் போர்த்தியிருந்தது. நடுவில் நான்கையும் இணைத்து நூல் நூலாகப் பாதை.

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று என்னிடம் உண்டு. ஒரு தடித்த நரம்பின் மேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே மணல் மணலாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மழை நேரத்தில் தெரு வாய்க்கால் ஓடுகிற வேகம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது வேகம் குறைந்தது. நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அத்தனையும் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் மறுபடி நின்று, மறுபடி திரும்பியது. இதயம் இல்லாத உடம்பு முழுவதும் சுருங்கி விரிந்து தன் சாற்றைத் தானே தள்ளுகிறது. எந்தப் பக்கம் சாப்பாடு இருக்கிறதோ அந்தப் பக்கம் துடிப்பு கூடும், அந்தப் பக்கம் ஓட்டம் கொஞ்சம் அதிகமாகும், உடம்பு அந்தப் பக்கம் நகரும். அத்தையைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "நீ போய் சிம்ல வை" என்றவர், கண்ணை எடுக்கவே இல்லை.

நான் ஓட்ஸ் வைத்துப் பார்த்ததை ஜப்பானில் பெரிதாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். டோஷியுகி நாககாகி என்பவர் தலைமையில் ஒரு குழு, பைசாரம் பாலிசெபாலம் என்ற இனத்தை ஒரு சின்னப் புதிர்ப்பாதை முழுக்க வளரவிட்டு, இரண்டு வாசலிலும் ஓட்ஸ் வைத்தது. சில மணி நேரத்தில் அது முட்டுச்சந்துகளிலிருந்து உடம்பை இழுத்துக்கொண்டு, இரண்டு வாசலுக்கும் இடையே மிகக் குறைந்த தூரத்தில் ஒரே தடித்த நரம்பாக நின்றது. இது 2000-இல். 2010-இல் டோக்கியோவைச் சுற்றியுள்ள 36 ஊர்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் வைத்தார்கள். ஒரு நாளுக்குச் சற்று மேலாக ஆனபோது அது போட்டிருந்த பாதைகள், செலவிலும் தாங்கும் திறனிலும் அங்கே பொறியாளர்கள் பல்லாண்டு உழைத்துப் போட்ட ரயில் பாதைகளுக்கு இணையாக இருந்தன. முதலில் எங்கும் பரவும், ஓட்டம் அதிகமுள்ள நரம்பு தடிக்கும், ஓட்டம் குறைந்தது மெலிந்து மறையும். இதற்கு மேல் வித்தை ஏதும் இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது பிரான்சில் ஆட்ரி துசூதூர் குழு 2016-இல் வெளியிட்ட சோதனை. பிளாஸ்மோடியத்துக்கும் ஓட்ஸுக்கும் நடுவே ஒரு ஜெல் பாலம். பாலத்தில் கசப்பு கலந்திருந்தார்கள், சிலதில் கொய்னா, சிலதில் காபியில் இருக்கும் காஃபீன். முதல் நாள் பாலத்தில் கால் வைக்கவே தயங்கியது. பிறகு உடம்பை நூலாக மெலித்துக்கொண்டு, தொட்டும் தொடாமலும் கடந்தது. ஐந்தாறு நாள் தினமும் அதே பாலம். கடைசியில் கசப்பே இல்லாத பாலத்தைக் கடப்பது போல அகலமாக நடந்து போனது. கொய்னாவுக்குப் பழகியது காஃபீனுக்குத் தயங்கியது. காஃபீனுக்குப் பழகியது கொய்னாவுக்குத் தயங்கியது. இரண்டு நாள் இடைவெளி விட்டதும் தயக்கம் திரும்ப வந்தது. நரம்பு மண்டலமே இல்லாத ஓர் ஒற்றைச் செல், 'இது கசக்கும், ஆனால் ஒன்றும் செய்யாது' என்று பழகிக்கொள்கிறது. நிலவேம்புக் கஷாயத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் ஐந்து நாளில் பழகியதில்லை.

போன தடத்தில் விட்டுவரும் பிசினும் சும்மா இல்லை. 'இங்கே ஏற்கெனவே வந்துவிட்டேன்' என்ற அடையாளம் அது. மறுபடி அதைத் தொட்டால் வேறு பக்கம் திரும்பும். அன்றைக்கு எங்கள் மாடியில் மினுங்கிக்கொண்டிருந்த தடத்தை நான் அசிங்கம் என்று கழுவிவிட்டேன். இப்போது நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

இதற்கெல்லாம் 'மூளையில்லாத அறிவாளி' என்று தலைப்பு போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூளையை அளவுகோலாக வைத்துக்கொண்டு அது இல்லாமலே இவ்வளவா என்று வியப்பது, மீனைப் பார்த்து காலில்லாமலே இவ்வளவு வேகமா என்று வியப்பது போல. மூளை வருவதற்கு வெகுகாலம் முன்பே உயிர்கள் வழி தேடிக்கொண்டும், கசப்பை எடைபோட்டுக்கொண்டும்தான் இருந்திருக்க வேண்டும். மியன்மாரில் கிடைத்த சுமார் 10 கோடி வருடப் பழைய அம்பரில் ஸ்டெமோனைட்டிஸ் என்ற சளிப்பூஞ்சை, ஒரு பல்லியின் காலோடு சேர்ந்து சிக்கியிருக்கிறது. இன்று விழுந்த மரத்தில் ஊதுவத்திக் கட்டு மாதிரி பழுப்பாக நிற்கிறதே, அதே உருவம், அதே குச்சி.

சளிப்பூஞ்சை என்ற இதே பெயரில் வேறொரு வகையும் உண்டு. டிக்டியோஸ்டீலியம் என்று பெயர். அங்கே அமீபாக்கள் ஒன்றாகக் கலப்பதில்லை. பாக்டீரியா தீர்ந்து பசி வந்ததும் ஆயிரக்கணக்கில் கூடி, ஒரு குட்டி நத்தை போல ஊர்ந்து, வெளிச்சம் பார்த்து நிமிர்ந்து நிற்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாகி இறக்கும், மிச்சம் அதன் தலையில் ஸ்போராக உட்காரும். காம்பாவது யார், ஸ்போராவது யார் என்ற கேள்வியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வித்யானந்த் நஞ்சுண்டையா பல வருடங்கள் ஆராய்ந்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

தை பிறந்ததும் டிபன் பாக்ஸில் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டேன். மஞ்சள் மெல்லச் சுருங்கி, காய்ந்த பிசின் மாதிரி டிஷ்யூவில் ஒட்டிக்கொண்டது. செத்துப்போகவில்லை. ஈரம் போனால் இப்படிக் கெட்டியாகி உறங்கும், வருடக்கணக்கில்கூட. அதை மடித்து, ஒரு கவரில் போட்டு, அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். சித்திரை, அக்கினி நட்சத்திரம் எல்லாம் போனது. ஆடியில் ஒரு சாயங்கால இடிமழையின்போது நினைவு வந்து, கொஞ்சம் கிழித்து நனைத்து வைத்தேன். மறுநாள் மதியம் ஓரத்தில் மஞ்சள் கசிந்திருந்தது. அத்தைதான் முதலில் பார்த்தார். "எழுந்துடுச்சு" என்று சமையலறையிலிருந்து சத்தம் போட்டார்.

இந்த உயிர்கள்மேல் எனக்கு முன்பே பைத்தியமானவர் ஒருவர் ஜப்பானில் இருந்திருக்கிறார், மினகாட்டா குமகுசு. 1917-இல் தன் வீட்டுத் தோட்டத்துப் பெர்சிமன் மரத்தில் அவர் கண்டெடுத்தது புதிய பேரினமாகவே இருந்தது. இங்கிலாந்தில் குலியெல்மா லிஸ்டர் அதை விவரித்து, 1921-இல் அவர் பெயரையே சூட்டினார். 1929-இல் அந்த நாட்டுப் பேரரசருக்கு 110 மாதிரிகளைக் கொடுத்தபோது, அவர் அவற்றை வைத்துக் கொடுத்தது மிட்டாய்ப் பெட்டிகளில். பேரரசர் ஹிரோஹிதோவுக்கும் சளிப்பூஞ்சையில் ஈடுபாடு உண்டு என்பதால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

வீட்டுத் தோட்டத்து மரம் என்று படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. எங்கள் வாசலில் ஒரு வேம்பு நிற்கிறது. மரப்பட்டையை நனைத்து மூடிவைத்தால் அதில் உறங்குகிற சளிப்பூஞ்சைகள் எழுந்து வரும் என்பதை 1933-இல் கில்பர்ட், மார்ட்டின் என்ற இருவர் காட்டினார்கள். பட்டையில் பாசி வளர்க்கப் போய், எதிர்பாராமல் கண்டது அது. நானும் போன மாதம் வேம்பில் தானாகக் கழன்று தொங்கிய நான்கு பட்டைத் துண்டுகளை எடுத்தேன். தயிர் டப்பாவில் டிஷ்யூ விரித்து, கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு ராத்திரி ஊற்றி வைத்து, மீதியை வடித்துவிட்டு மூடினேன்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பூச்சி மட்டும் அங்கும் இங்கும் குதித்தது. பதினோராம் நாள் காபி போட்டுவிட்டு லென்ஸை எடுத்தேன். மூன்றாவது துண்டின் வெடிப்பில், கடுகில் பாதி உயரத்தில், சாம்பல் நிறத்தில் விரல் விரலாக ஆறு பேர் நின்றார்கள். ஆர்சீரியா என்ற சளிப்பூஞ்சை. மூச்சு பட்டதும் ஆறும் லேசாக அசைந்தன. டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு, ஆடாமல் அசையாமல், அத்தையிடம் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

"நம்ம வாசல் மரத்துலயா?"

"நம்ம வாசல் மரத்துலதான் அத்தை."